தமிழில் கேட்டால் தமிழிலேயே சொல்லுங்கோ

சாம்பல்தீவில் தங்கியிருந்து தமிழ் பழகுவது கஷ்டம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். தமிழில் சீட்டுப் பிடித்து, தமிழில் வேலிச் சண்டை போட்டு, தமிழிலேயே சமாதானமாகிப் போகும் ஊர் இது. இங்கே தமிழ் பழகுவதில் என்ன கஷ்டம்? கம்பஸுக்கு வந்து இந்தப் பக்கம் அறை எடுத்துத் தங்கும் சிங்களப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். படிப்பு முடிந்து பெட்டி கட்டும்போதும், "கொஞ்சம் விளங்கும் அன்ரி, கதைக்க வராது" என்பார்கள். சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் தமிழில் வாயைத் திறந்த உடனே நாங்கள் சிங்களத்துக்குத் தாவிவிடுகிறோம். பிறகு எப்படிப் பழகுவது?

ஊர் தெரியாதவர்களுக்கு வழி சொல்லிவிடுகிறேன். திருகோணமலை டவுனில் நிலாவெளி பஸ் ஏறினால் உப்புவெளி, பிறகு சாம்பல்தீவு, அப்படியே போனால் கோணேசபுரி. அங்கேதான் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. 1993இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 2001இல் வளாகமாக உயர்ந்தது. தொடர்பாடல், மொழிகள், முகாமைத்துவம், கணினி, சித்த மருத்துவம் என்று பாடங்கள். நான் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறவள். எங்கள் மேல்மாடி அறைகளில் கம்பஸ் பெட்டைகள் இருக்கிறார்கள். ஆகவே இது நூலகத்தில் உட்கார்ந்து எழுதியது இல்லை, விறாந்தையில் உட்கார்ந்து பார்த்தது.

முதலில், இந்தப் பிள்ளைகள் எப்படி இங்கே வந்து சேருகிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு நாடளாவிய திறமை அடிப்படையில் 40 வீதம், மாவட்டக் கோட்டாவில் 55 வீதம், கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு 5 வீதம் என்பது கணக்கு. மாத்தறையிலும் குருநாகலிலும் இருக்கிற பிள்ளை விண்ணப்பத்தில் பாடங்களை வரிசைப்படுத்திப் போடும். இசட் ஸ்கோர் எங்கே நிற்கிறதோ அங்கே இறங்க வேண்டியதுதான். திருகோணமலைக்கு முன்பு பள்ளிக்கூடச் சுற்றுலாவில் வந்து கோணேசர் கோயிலையும் புறாத்தீவையும் பார்த்திருக்கும், அவ்வளவுதான். தமிழ் படிக்க ஆசைப்பட்டு வந்த பிள்ளை இல்லை. ஆனால் வந்த பிறகு பலருக்கு ஆசை வருகிறது. அந்த ஆசை எங்கே போய் முட்டுகிறது என்பதுதான் என் கதை.

எங்கள் மேல்மாடிப் பிள்ளை ஒன்றுக்குத் தடிமன். கொத்தமல்லி அவித்துக் குடிக்க வேண்டும். படியிறங்கும்போதே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது. நானும் ஒன்றாகத்தான் கடைக்குப் போனேன். "அங்கிள், கொத்தமல்லி இருக்கா? எனக்கு... தடிமன்." ஒரு எழுத்துப் பிழையில்லை. கடைக்காரர் முகமெல்லாம் சிரிப்பு. "ஒவ் துவ, தியெனவா. கொச்சர ஓனத?" என்றார் சிங்களத்தில். பிள்ளை ஒரு கணம் நின்றது. பிறகு "கிராம் பனஹக்" என்றது. அதோடு தமிழ் முடிந்தது. கடைக்காரர் கொத்தமல்லியோடு ஒரு துண்டு இஞ்சியும் சும்மா போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அவ்வளவு நல்ல மனிதர். அந்த நல்ல மனம்தான் பிள்ளையின் இரண்டாவது வாக்கியத்தை வாயிலேயே நிறுத்தியது.

ஏன் இப்படி மாறுகிறோம்? மரியாதைக்கு, உதவிக்கு, அவர்களின் சொந்த மொழியில் சொன்னால் சந்தோஷப்படுவார்கள் என்பதற்கு. ஹவார்ட் கைல்ஸ் என்ற உளவியலாளர் 1970களில் இதைப் பற்றி ஒரு கோட்பாடே வைத்தார். இரண்டு பேர் கதைக்கும்போது ஒருவர் மற்றவரின் பேச்சுப் பக்கம் சாய்வார், அப்படிச் சாய்வது நெருக்கத்தைக் காட்டும் என்பது அதன் சாரம். அது உண்மைதான். ஆனால் எதிரில் நிற்பவர் உங்கள் மொழியைப் பழக முயல்கிறவராக இருந்தால், நீங்கள் சாயச் சாய அவருக்கு நிற்க இடமில்லாமல் போகும்.

எங்கள் ஆட்களின் சாய்வுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைப் பூசி மெழுகத் தேவையில்லை. இந்த வீதியில் ஐம்பது அறுபது வயதில் இருக்கிறவர்களில் பலர் சிங்களத்தை விரும்பிப் பழகியவர்கள் இல்லை. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுத 1987 வரை, பதின்மூன்றாம் திருத்தம் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. எழுதிய பிறகும் படிவம் சிங்களத்தில் வந்தது, பொலிஸில் முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்பட்டது. யுத்தகாலத்தில் செக்பொயின்ட்டில் "கொஹேத யன்னே?" என்று கேட்டால் ஐடென்டிட்டியை நீட்டிக்கொண்டே பதில் சொல்லப் பழகினோம். சிங்களத்தில் கெதியாகப் பதில் சொல்வது ஒரு காலத்தில் எங்களுக்குப் பாதுகாப்பு. சிங்கள முகத்தைக் கண்டதும் நாக்கு தானாக மாறுகிறதென்றால், அதில் பாதி அன்பு, பாதி அந்தப் பழைய பழக்கம். இருபது வயதுப் பிள்ளை தடிமனோடு கொத்தமல்லி கேட்கும்போதும் அந்தப் பழக்கம் வேலை செய்கிறது.

இனி கம்பஸுக்குள் போவோம். அங்கே கதை வேறு. பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில். ஆங்கிலம் எல்லோருக்கும் கடன்மொழி. தமிழ்ப் பிள்ளை, சிங்களப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை மூன்று பேரும் ஒரே அளவுக்குத் தடுமாறுகிறார்கள். இந்தத் தடுமாற்றம் நல்லது என்பேன். கோர்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இல், வெவ்வேறு இனத்தவர் ஒன்றாக இருந்தால் மட்டும் பகை குறையாது, அதற்கு நான்கு விஷயம் வேண்டும் என்று எழுதினார். இருவரும் சமநிலையில் இருக்க வேண்டும், ஒரே இலக்கு வேண்டும், அதற்காகச் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், மேலிடத்தின் ஆதரவும் வேண்டும். ஆங்கில வகுப்பில் கொடுக்கிற குழு வேலை இந்த நான்கையும் தற்செயலாகவே நிறைவேற்றிவிடுகிறது. லெக்சரர் குழு பிரிக்கிறார், எல்லோருக்கும் ஒரே மார்க்ஸ், ஒருவருக்கும் ஆங்கிலம் சரியாக வராது. இதைவிடச் சமத்துவம் எங்கே கிடைக்கும்?

ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல். எங்கள் மாவட்டத்தில் 2012 குடிசன மதிப்பீட்டின்படி பத்துப் பேரில் நாலு பேர் முஸ்லிம்கள், மூன்று பேர் தமிழர், மூன்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சிங்களவர். முஸ்லிம் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் தமிழ், சந்தையில் சிங்களம். அதனால் எந்தக் குழுவிலும் அவர்களில் ஒருவர் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுவார். எங்கள் விறாந்தையில் நடந்த ஒரு குழுவில் கந்தளாய்ப் பக்கத்து முஸ்லிம் பிள்ளை ஒன்று இருந்தது. தமிழ்ப் பிள்ளை அதைப் பார்த்துச் சொல்லும், அது சிங்களப் பிள்ளையிடம் திருப்பிச் சொல்லும், பதிலும் அதே வழியில் வரும். எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆனால் மற்ற இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மொழிபெயர்ப்பாளர் வீட்டுக்குப் போய்விட்டார். திங்கள் காலை நிலாவெளிச் சுற்றுலா பற்றிய பிரசென்டேஷன். இரண்டு பேரும் லெப்டொப்புக்கு முன்னால். அரை மணித்தியாலம் சத்தமே இல்லை. பிறகு தமிழ்ப் பிள்ளை, "இந்த ஸ்லைட் முதல்ல வரட்டும்" என்றது. மற்றது திரையில் விரலை வைத்து, "முதல்ல இல்லை... இது பிறகு. மெப் முதல்ல" என்றது. தமிழ்ப் பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. "உமக்குத் தமிழ் தெரியுமா?" "தெரியும். நீங்க கேக்கல்ல." அதன் பிறகு தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஒன்றாகக் குழைந்து ஓடின. இரவு பத்து மணிக்குச் சிரிப்புச் சத்தம் கூடிப்போய் நான் அதட்ட வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பாளர் திரும்பி வந்தபோது அவருக்கு அந்த வேலை பாதியாகக் குறைந்திருந்தது. அவருக்கும் அது நிம்மதிதான்.

சிங்களப் பிள்ளைகளுக்குத் தமிழ் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு மொழியும் வேறு குடும்பம்தான். ஆனால் இரண்டாயிரம் வருசம் ஒரே தீவில் இருந்ததில் வாக்கியத்தின் எலும்புக்கூடு ஒரே மாதிரி ஆகிவிட்டது. இரண்டிலும் வினை கடைசியில் வரும். "எனக்குப் பசிக்குது" என்று நாங்கள் சொல்கிற இடத்தில் அவர்களும் "மட்ட படகினி" என்று "எனக்கு" போட்டுத்தான் சொல்வார்கள். வெளிக்கிடும்போது "போறேன்" என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது, "போயிட்டு வாறன்" என்போம். அவர்கள் "கிஹின் என்னம்" என்பார்கள், அதுவும் போய்விட்டு வருவதுதான். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வருகிறவர் ஏறவேண்டிய மலை சிங்களத்திலிருந்து வருகிறவருக்கு வெறும் மேடு.

அவர்களை இடறவைப்பது வேறு ஒன்று. பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழியாகத் தமிழ் படித்துவிட்டு வருகிறார்கள். "நான் கடைக்குச் செல்கிறேன்" என்று படித்த பிள்ளை, இங்கே "கடைக்குப் போறன்" என்ற சத்தத்தைக் கேட்டதும் திகைக்கிறது. எழுத்துத் தமிழ் ஒன்று, பேச்சுத் தமிழ் ஒன்று. ஒரே மொழிக்குள் இப்படி இரண்டு தட்டு இருப்பதைச் சார்ல்ஸ் பெர்குசன் என்ற மொழியியலாளர் 1959இல் விரிவாக எழுதினார். அவர் முக்கியமாக எடுத்த உதாரணங்கள் அரபு, கிரேக்கம் போன்றவை. தமிழும் அதே கட்சிதான் என்று அவரே அதில் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். பென்சில்வேனியாவில் தமிழ் கற்பித்த ஹெரல்ட் ஷிப்மன் 1999இல் பேச்சுத் தமிழுக்கென்றே தனி இலக்கண நூல் வெளியிட்டார். அது இந்தியப் பேச்சுத் தமிழ். எங்கள் "கதைக்கிறம், வாறம், இருக்கிறியளோ" எல்லாம் பழகப் புத்தகத்தைவிட ஆள்தான் வேண்டும்.

வெளிநாட்டு மாணவர்கள் படும் பாடும் இதுதான். மதுரையில் அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களுக்குத் தமிழ் வகுப்பு நடத்துகிறது. அங்கே படித்துவிட்டு ஆராய்ச்சிக்காக இந்தக் கரைக்கு வந்த மாணவி ஒருத்தியைச் சந்தித்தேன். தமிழ் நன்றாகவே வந்தது. அவளுடைய முறைப்பாடும் எங்கள் மேல்மாடிப் பிள்ளையின் முறைப்பாடேதான்: தமிழில் கேட்டால் எல்லோரும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள்.

நாங்கள் தேத்தண்ணி கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த மாணவி "நன்றி" சொல்வாள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு அது என்னவோ போல் இருந்தது. "என்ன இந்தப் பிள்ளை, கடைக்கு வந்த மாதிரிக் கதைக்குது" என்றார். எங்கள் வீடுகளில் தேத்தண்ணிக்கு நன்றி சொல்லும் வழக்கமில்லை, குடித்து முடித்துக் கோப்பையை உள்ளே கொண்டுபோய் வைத்தால் போதும். மேல்மாடிச் சிங்களப் பிள்ளைக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கோப்பையை எடுத்துக்கொண்டு நேரே குசினிக்குப் போனது. அதன் வீட்டிலும் அப்படித்தான். எட்வர்ட் ஹோல் என்ற மானிடவியலாளர் அமெரிக்க இராஜதந்திரிகளைப் பயிற்றுவித்த அனுபவத்தை வைத்து 1959இல் ஒரு புத்தகம் எழுதினார். மொழியைக் கற்றுக்கொண்டு போனாலும் நேரம், தூரம், மௌனம் இவற்றின் கணக்கு தெரியாவிட்டால் சறுக்கும் என்றார். சரிதான். அந்தக் கணக்கில் மாத்தறையும் சாம்பல்தீவும் எவ்வளவு கிட்ட என்பது, தூரத்திலிருந்து ஒருவர் வந்து நிற்கும்போதுதான் தெரிகிறது.

மொழி பழகும் விஷயத்தில் எங்கள் துறைமுகத்துக்கே ஒரு பழைய கதை இருக்கிறது. 1659இல் புயலில் பாய்மரம் போன ஆங்கிலேயக் கப்பல் ஒன்று கொட்டியாரக் குடாவில் வந்து ஒதுங்கியது. அடுத்த வருசம் கப்டனையும் அவர் மகன் ரொபர்ட் நொக்ஸையும் இன்னும் சிலரையும் கண்டி மன்னனின் ஆட்கள் பிடித்துப் போனார்கள். பிடிபட்ட இடம் என்று மூதூரில் "வெள்ளைக்காரன் மரம்" காட்டுவார்கள். கைதிகளைச் சிறையில் போடவில்லை, ஊர் ஊராகப் பிரித்து விட்டார்கள். நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார், நெல் கடன் கொடுத்தார், ஊர் ஊராகச் சாமான் கொண்டுபோய் வியாபாரம் செய்தார். சிங்களம் தண்ணீராக வந்தது. காரணம் என்ன? ஆங்கிலத்தில் பதில் சொல்ல அந்த ஊர்களில் ஆள் இல்லை. 1679இல் தப்பி ஓடும்போது அநுராதபுரத்துக்கு வந்தார். அங்கே இருந்தவர்கள் தமிழர். அவர் கதைத்த சிங்களம் அவர்களுக்கு விளங்கவில்லை, அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழ்க் கரையில் வந்திறங்கி, பத்தொன்பது வருசம் இந்தத் தீவில் வாழ்ந்த மனிதர். ஒரு மொழி முழுதாக வந்தது, மற்றது வரவே இல்லை. புத்தியில் குறைவில்லை, 1681இல் லண்டனில் அவர் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலை இன்றும் ஆராய்ச்சிக்காரர் புரட்டுகிறார்கள். யார் நடுவில் வாழ்ந்தார், அவர்கள் என்ன மொழியில் பதில் சொன்னார்கள் என்பதுதான் விஷயம்.

கைதியாக வைத்துத்தான் மொழி பழக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. சண்டை போட்ட இரண்டு நாடுகள் இதற்கு ஒரு நல்ல வழி கண்டன. 1963இல் பிரான்சும் ஜெர்மனியும் எலிசே ஒப்பந்தம் செய்து, இரு நாட்டு இளைஞர்களைச் சேர்த்துவைக்கத் தனி அலுவலகம் தொடங்கின. அந்தச் சந்திப்புகளில் வளர்ந்ததுதான் டான்டம் என்ற முறை. ஒரு பிரெஞ்சுப் பிள்ளை, ஒரு ஜெர்மன் பிள்ளை. பாதி நேரம் இந்த மொழி, பாதி நேரம் அந்த மொழி. ஒருவர் பாதியில் ஆசிரியர், மறுபாதியில் மாணவர். யாரும் யாருக்கும் தயவு பண்ணவில்லை, கொடுத்ததை அப்படியே திருப்பி வாங்குகிறார்கள். ஆல்போர்ட் சொன்ன சமநிலை இங்கே ஏற்பாட்டிலேயே இருக்கிறது.

இனி ஊராருக்கு, முக்கியமாகக் கடை வைத்திருப்பவர்களுக்கும் அறை வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கும் சில விண்ணப்பங்கள்.

தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் சொல்லுங்கோ. பிள்ளை தானாகச் சிங்களத்துக்கு மாறினால் நீங்களும் மாறலாம், முந்திக்கொள்ளாதீர்கள்.

ஆறுதலாகக் கதையுங்கோ, ஆனால் உடைத்துக் கதைக்காதீர்கள். "நீ... கடை... போ" என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் கதைத்தால் அது தமிழே இல்லை. மேலே சொன்ன அதே பெர்குசன் 1971இல் இந்த உடைசல் பேச்சைப் பற்றியும் எழுதியிருக்கிறார், உலகம் முழுக்க உள்ள பழக்கம்தான். உடைந்ததைக் கேட்டுப் பழகுகிறவருக்கு உடைந்ததுதான் வரும். அதோடு, "நீங்கள்" என்று கேட்டுப் பழகவேண்டிய பிள்ளை "நீ" என்று பழகிக்கொண்டு, அதையே கொண்டுபோய் விதானையாரிடம் சொல்லும்.

பிழை விட்டால் நிறுத்தித் திருத்த வேண்டாம். "நேத்து நான் டவுனுக்குப் போறன்" என்றால், "ஓ, நேத்து டவுனுக்குப் போனீங்களோ, என்ன வாங்கினீங்கள்?" என்று கேளுங்கோ. சரியான வடிவம் காதில் விழும், கதையும் அறுபடாது. சிரிப்பு வந்தால் சிரிக்கலாம், அவர்களும் சேர்ந்து சிரித்தால் சரி.

கம்பஸ் பிள்ளைகளுக்கும் ஒன்று. சிங்களப் பிள்ளை தமிழில் தொடங்கினால், உங்கள் ஆங்கிலத்தைக் காட்ட அதுவல்ல நேரம். உங்களுக்கும் சிங்களம் வேண்டும். 2007ஆம் ஆண்டின் ஏழாம் இலக்க அரச நிர்வாகச் சுற்றறிக்கை, அந்த வருசம் ஜூலை முதல் அரச சேவையில் சேர்கிறவர்கள் ஐந்து வருசத்துக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும் என்றது. இரு பக்கத்துக்கும் அது பொது. பரீட்சைக்குக் கடைசி மாதத்தில் கையேடு மனப்பாடம் பண்ணிப் பாஸாகிறவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். சான்றிதழ் பைலில் இருக்கும், கவுன்டரில் ஆள் வந்து நின்றால் வாய் திறக்காது. பக்கத்து அறையிலேயே ஆசிரியர் ஒருத்தி இருக்கும்போது அந்தக் கையேட்டை நம்பி என்ன பிரயோசனம்?

இதெல்லாம் அரசியல் பிரச்சினைகளைத் தீர்க்குமா என்று சிலர் கேட்பார்கள். காணிப் பிரச்சினை கொத்தமல்லிக் கடையில் தீராது, எனக்குத் தெரியும். ஆனால் இந்தப் பிள்ளைகளில் ஒருவர் நாளைக்கு ஒரு கந்தோரில், ஒரு ஆஸ்பத்திரியில் கதிரையில் இருப்பார். எங்கள் ஆள் ஒருவர் போய்த் தமிழில் கேட்கும்போது அவர் தமிழில் பதில் சொல்வாரா என்பது, அவர் இங்கே இருந்த வருசங்களில் நாங்கள் எந்த மொழியில் பதில் சொன்னோம் என்பதிலும் தங்கியிருக்கிறது.

எங்கள் வீட்டு விறாந்தை சனிக்கிழமை பின்னேரங்களில் சும்மாதான் கிடக்கிறது. ஒரு மணித்தியாலம். முதல் அரை மணி தமிழ், அடுத்த அரை மணி சிங்களம். பிளேன்டீ என் பொறுப்பு. நடுவில் ஆங்கிலத்துக்குத் தாவுகிறவர் எல்லோருக்கும் மாலுபணிஸ் வாங்கித் தரவேண்டும். விருப்பமானவர்கள் வாங்கோ.